தேன்கனிக்கோட்டை: விருந்தினர் வரட்டும்... போர்வெல் வற்றாமல் இருக்கட்டும்!

ஓசூரில் பஸ் ஏறி தெற்கே கிளம்பினால், சிப்காட் ஆலைகளின் ஷிப்ட் பஸ்கள் கண்ணைவிட்டு மறைவதற்குள் பசுமைக்குடில்கள் தொடங்கிவிடும். தளி சாலையில் அமுதகொண்டப்பள்ளியில் ஏற்றுமதிக்காக ரோஜா வளர்க்கும் டான்ஃப்ளோரா பூங்கா இருக்கிறது. கெலமங்கலம் பக்கம் போனால் டாடா எலக்ட்ரானிக்ஸ் ஆலை. இவற்றுக்கு நடுவே தக்காளி, பீன்ஸ், முட்டைக்கோஸ், கொத்தமல்லி என்று காய்கறித் தோட்டங்கள். தேன்கனிக்கோட்டையைத் தாண்டி அஞ்செட்டிப் பாதையில் திரும்பினால் மானாவாரி ராகியும் அவரையும் கொள்ளும். அதற்கப்பால் காடுதான்.

ஊர் ஏறக்குறைய 3,000 அடி உயரத்தில் இருக்கிறது. அதனால் ஏப்ரல், மே தவிர மற்ற மாதங்களில் இரவில் போர்வை வேண்டும். தளியை வெள்ளைக்காரர்கள் ‘குட்டி இங்கிலாந்து’ என்று அழைத்தது இந்தக் குளிருக்காகத்தான். தமிழ், தெலுங்கு, கன்னடம், உருது நான்கும் சந்தையில் ஒன்றாகக் கேட்கும். ஊரின் பெரிய கோயிலில் இருக்கும் பெருமாளுக்குப் பேட்டராய சுவாமி என்று பெயர். கன்னடத்தில் ‘பேட்டெ’ என்றால் வேட்டை. வேட்டைக்கு வந்த சாமி. காடு எவ்வளவு பக்கத்தில் இருந்தது, இன்னும் இருக்கிறது என்பதை சாமியின் பெயரே சொல்லிவிடுகிறது.

நிலத்தை விற்காமல் ஒரு வருமானம்

பெங்களூரிலிருந்து சனி, ஞாயிறுக்குக் கிளம்பும் கார்கள் இப்போது இந்தப் பக்கமும் வருகின்றன. அவர்களுக்கு வேண்டியது குளிர்ந்த காற்று, அமைதி, பிள்ளைகளுக்குக் காட்ட ஒரு மாடு, ஒரு வயல். இதைப் பார்த்த வெளியூர்க்காரர்கள் இங்கே நிலம் வாங்கி, பண்ணை வீடு கட்டி, நாள் வாடகைக்கு விடுகிறார்கள். ஆலையும் வந்து, பண்ணை வீடும் வந்தால் நிலத்தின் விலை ஏறாமல் என்ன செய்யும்? இரண்டு ஏக்கர் வைத்திருக்கும் குடும்பத்துக்கு விற்றுவிடலாம் என்ற எண்ணம் வருவது இயல்பு. ஆனால் விற்ற பணம் ஒருமுறைதான் வரும்.

அதே இரண்டு ஏக்கரை வைத்துக்கொண்டே, வீட்டோடு சேர்த்து ஒன்றிரண்டு அறையை விருந்தினருக்கு விட்டால் என்ன என்று கேட்பவர்கள் கூடியிருக்கிறார்கள். முடியும். ஆனால் ரிசார்ட்டைப் பார்த்து அதேபோல் கட்டினால் கடன்தான் மிஞ்சும். சிறு விவசாயிக்குக் கட்டுப்படியாகும் வழியும், தண்ணீரையும் காட்டையும் கெடுக்காத வழியும் இங்கே ஒன்றேதான். கீழே வரும் கணக்குகளைப் பார்த்தால் அது புரியும்.

விவசாயத்தோடு விருந்தோம்பலைச் சேர்ப்பது புதிதல்ல. இத்தாலியில் 1985-லேயே இதற்குத் தனிச்சட்டம் வந்துவிட்டது. விவசாயம்தான் முதல் தொழில், விருந்தினர் வருமானம் அதற்குத் துணை என்பது அந்தச் சட்டத்தின் அடிப்படை. மகாராஷ்டிராவில் பாராமதி வட்டாரத்தில் 2005 முதல் பாண்டுரங் தாவரே வேளாண் சுற்றுலாவை விவசாயிகளிடம் கொண்டுபோனார். இரண்டு இடத்திலும் பாடம் ஒன்றே. வயல் இருந்தால்தான் விருந்தினர் வருவார். வயலை அழித்து அறை கட்டினால் அது இன்னொரு லாட்ஜ்.

கங்கனஹள்ளியில் ஒரு முன்மாதிரி

இதற்கு வெளிநாடு போக வேண்டியதில்லை. தளிக்குப் பக்கத்தில், காட்டை ஒட்டிய கங்கனஹள்ளி என்ற சிற்றூரில் நவதர்சனம் என்ற அறக்கட்டளை 1990 முதல் இயங்கிவருகிறது. டெல்லியில் காந்தி அமைதி நிறுவனத்தில் இருந்த டி.எஸ்.அனந்து, ஜோதி அனந்து, ரசூலியாவில் இயற்கை விவசாயம் செய்துவந்த பிரதாப் அகர்வால் ஆகியோர் நண்பர்களுடன் சேர்ந்து தொடங்கியது. நூறு ஏக்கருக்கு மேல், மேய்ந்து மேய்ந்து தேய்ந்துபோன நிலம். அவர்கள் முதலில் கட்டடம் கட்டவில்லை. மேய்ச்சலைத் தடுத்து, சரிவுக்குக் குறுக்கே வரப்பு போட்டு, நிலம் தானே எழுந்துகொள்ள விட்டார்கள். பிறகு அந்த மண்ணிலேயே அழுத்திச் செய்த கல்லைக் கொண்டு வீடுகள், சூரிய மின்சாரம், பக்கத்துக் கிராமப் பெண்களின் குழு செய்யும் தின்பண்டங்கள் என்று ஒவ்வொன்றாக வந்தன. பார்க்கவும் தங்கவும் வருகிறவர்கள் அந்த எளிமைக்காகவே வந்தார்கள்.

நம் சிறு விவசாயி நூறு ஏக்கருக்கு எங்கே போவார் என்று கேட்கலாம். எடுத்துக்கொள்ள வேண்டியது பரப்பை அல்ல, வரிசையை. முதலில் நிலமும் நீரும், பிறகு வீடு, கடைசியில் விருந்தினர்.

வீடு விஷயத்திலும் இந்த வட்டாரத்துக்கு ஒரு வசதி உண்டு. குளிர்ந்த ஊர் என்பதால் ஏ.சி. தேவையில்லை. ஓட்டுக் கூரை, தடித்த சுவர், எதிரெதிர் ஜன்னல் இருந்தால் மின்விசிறியே போதும். பழைய ஓட்டு வீடு இருந்தால் இடிக்காதீர்கள். ஓட்டை மாற்றி, சுண்ணாம்பு பூசி, கழிப்பறையை மட்டும் புதிதாகச் சேர்த்தால் அதுதான் மலிவான அறை. புதிதாகக் கட்டினால், லாரி பேக்கர் கேரளத்தில் பரப்பிய ‘எலிப்பொறி’ முறைச் செங்கல் கட்டு நடுவில் காற்று இடைவெளி விடுவது. அது ஏறக்குறைய கால்வாசிச் செங்கல்லை மிச்சப்படுத்தும், வெயிலையும் குளிரையும் உள்ளே விடாது.

புல்தரை குடிக்கும் தண்ணீர்

தண்ணீர்க் கணக்குக்கு வருவோம். இரண்டு அறை, ஆறு பேர், மாதத்தில் எட்டு இரவு என்று வைத்துக்கொள்வோம். வாரக் கடைசியில் மட்டும் ஆள் வரும் இடத்துக்கு இது நியாயமான கணக்கு.

விடுதிகளுக்கு ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு 180 லிட்டர் என்பது இந்தியத் தர நிர்ணய அளவு. ஆறு பேருக்கு 1,080 லிட்டர். எட்டு நாளுக்கு 8,640 லிட்டர். ஷவருக்குப் பதில் வாளியும் சொம்பும், குழாய் வாயில் காற்று கலக்கும் சல்லடை, இரண்டு அளவில் தண்ணீர் விடும் ஃப்ளஷ் தொட்டி ஆகிய மூன்றை மட்டும் வைத்தால் ஆளுக்கு 100 லிட்டரில் முடித்துவிடலாம். மாதம் 4,800 லிட்டர். வருடத்துக்கு 57,600 லிட்டர்.

இப்போது கூரையைப் பாருங்கள். இந்த மாவட்டத்தில் வருடத்துக்கு 800 மில்லிமீட்டரை ஒட்டி மழை பெய்கிறது. 1,000 சதுர அடிக் கூரை என்றால் 93 சதுர மீட்டர். ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் பெய்தால் ஒரு லிட்டர். ஐந்தில் ஒரு பங்கு வீணானாலும் ஏறக்குறைய 60,000 லிட்டர் கைக்கு வரும். அதாவது விருந்தினர் செலவழிக்கும் மொத்தத் தண்ணீரையும் சராசரி மழை ஆண்டில் கூரையே கொடுத்துவிடும்!

மழை இல்லாத டிசம்பர் முதல் ஏப்ரல் வரை ஐந்து மாதத்துக்கு 24,000 லிட்டர் சேமிக்க வேண்டும். 13 அடி விட்டம், ஆறரை அடி உயரத்தில் ஒரு வட்டத் தொட்டி போதும். கம்பி வலையும் சிமென்ட் கலவையும் கொண்டு கட்டும் ஃபெரோசிமென்ட் தொட்டி செங்கல் தொட்டியைவிட மலிவு. முதல் மழையின் அழுக்கு நீர் வெளியே போக ஒரு தனிக்குழாயும், வடிகட்ட மணலும் ஜல்லியும் கரியும் வைக்க வேண்டும். குடிக்கும் தண்ணீரைக் காய்ச்சிக் கொடுங்கள்.

இத்தனையும் செய்துவிட்டு வாசலில் 1,000 சதுர அடிக்குப் புல்தரை போட்டால் என்ன ஆகும்? வெயில் நாளில் தினமும் 5 மில்லிமீட்டர் ஆவியாகிப் போகும். அதை ஈடுகட்ட ஒரு நாளைக்கு 465 லிட்டர், மாதத்துக்கு 14,000 லிட்டர். விருந்தினர் ஆறு பேரும் சேர்ந்து செலவழிப்பதைப்போல் ஏறக்குறைய மூன்று மடங்கு! நீச்சல் குளம் இன்னும் மோசம். 20 அடிக்கு 10 அடி, 4 அடி ஆழம் என்ற சின்னக் குளத்தை ஒருமுறை நிரப்பவே 22,000 லிட்டருக்கு மேல் வேண்டும். மாற்றும்போதெல்லாம் அதே அளவு. போர்வெல் ஆழம் ஒவ்வொரு வருடமும் கூடிக்கொண்டு போகும் ஊரில், கட்டாமல் விட வேண்டியவை இந்த இரண்டும்தான். புல்தரை இருக்கும் இடத்தில் ராகியும் அவரையும் இருக்கட்டும். பெங்களூரில் கிடைக்காத காட்சி அதுதானே.

குளித்த நீரைச் சாக்கடைக்கு விடாதீர்கள். கல்வாழை, சேம்பு நட்ட ஜல்லிப் பாத்தி வழியாக விட்டு, அங்கிருந்து முருங்கைக்கும் எலுமிச்சைக்கும் விடலாம். காட்டோரம் என்றால் வாழை வேண்டாம். ஏன் என்பதைப் பிறகு சொல்கிறேன்.

வெந்நீருக்கு மல்பெரிக் குச்சி

இந்த ஊரில் விருந்தினர் வீட்டின் மின்செலவில் பெரியது விளக்கோ விசிறியோ அல்ல, காலை வெந்நீர். ஆறு பேருக்கு ஆளுக்கு 25 லிட்டர் என்றால் 150 லிட்டர். 20 டிகிரியிலிருந்து 45 டிகிரிக்குச் சூடாக்க 4.4 யூனிட் போகும். எட்டு நாளுக்கு 35 யூனிட்.

உடனே சோலார் வாட்டர் ஹீட்டர் வாங்கிவிடலாமா? கொஞ்சம் பொறுங்கள். மாதம் எட்டு நாளுக்கு மட்டும் ஆள் வந்தால் மீதி 22 நாள் அந்த வெந்நீர் சும்மா கிடக்கும். போட்ட முதல் திரும்ப வெகுநாளாகும். வீட்டு ஆட்களும் தினமும் அதே வெந்நீரில் குளிப்பதாக இருந்தால் மட்டும் வாங்குங்கள். இல்லாவிட்டால் விறகு பாய்லர்தான் சிக்கனம். இது பட்டு வளர்க்கும் மாவட்டம். புழு தின்றபின் மிஞ்சும் மல்பெரிக் குச்சி, துவரை மார், தேங்காய் மட்டை எல்லாம் நல்ல எரிபொருள். அடுப்பு வெளியே, புகைக்குழாய் உயரமாக இருக்க வேண்டும். காலையில் பாய்லர் பக்கத்தில் குளிர் காய்வதே விருந்தினருக்கு ஒரு வேடிக்கை.

சூரிய மின்தகட்டுக்கும் இதே விதி. 1 கிலோவாட் தகடு நாளைக்கு ஏறக்குறைய 4 யூனிட் தரும். 100 சதுர அடி நிழலில்லாத இடம் கேட்கும். 2024 பிப்ரவரியில் தொடங்கிய பிரதமர் சூர்யகர் திட்டத்தில் 1 கிலோவாட்டுக்கு 30,000, 2 கிலோவாட்டுக்கு 60,000, 3 கிலோவாட்டுக்கும் அதற்கு மேலும் 78,000 ரூபாய் மானியம். ஆனால் அது வீட்டு இணைப்புக்கு மட்டும். ஆகவே குடும்பம் குடியிருக்கும் வீட்டின் தேவைக்கு முதலில் போடுங்கள்.

அடுக்களையிலிருந்து சாணக்குழி வரை

நான்கைந்து மாடு இருந்தால் 2 கன மீட்டர் சாண எரிவாயுக் கலன் வைக்கலாம். தினமும் 50 கிலோ சாணம் போட வேண்டும். முழுதாக வேலை செய்தால் மாதத்துக்கு ஏறக்குறைய 25 கிலோ சமையல் எரிவாயுவுக்குச் சமம். கிட்டத்தட்ட இரண்டு வீட்டு சிலிண்டர். மார்கழிக் குளிரில் வாயு குறையும் என்பதால் ஒரு சிலிண்டரைக் கையில் வைத்திருங்கள். விருந்தினருக்குச் சமைக்க மானிய வீட்டு சிலிண்டரைப் பயன்படுத்தக் கூடாது. வணிக சிலிண்டர்தான் வாங்க வேண்டும். அதன் விலையைப் பார்க்கும்போது சாணக் கலனின் அருமை புரியும். சமையலறைக் கழிவையும் அதிலேயே போடலாம். வெளிவரும் கரைசல் ராகிக்கும் காய்கறிக்கும் உரம்.

சாப்பாட்டுக்குப் பெங்களூர் ஓட்டல் பட்டியலைப் போட்டால் வாரந்தோறும் சந்தைக்கு ஓட வேண்டும். ராகிக் களியும் கீரை மசியலும், கொள்ளு ரசமும், டிசம்பர், ஜனவரியில் அவரைக்கொட்டைக் குழம்பும் போதும். பெங்களூர்க்காரர் அவரைக்காய்ப் பருவத்துக்குக் காத்திருப்பவர். உங்கள் வயலில் இல்லாததைப் பக்கத்து வயலில் வாங்குங்கள். அப்போது விருந்தினர் வருமானத்தில் ஊருக்கும் பங்கு இருக்கும். ஊரும் உங்களுக்குத் துணை நிற்கும்.

பிளாஸ்டிக் பாட்டிலுக்குப் பதிலாக அறையில் ஒரு மண்பானையும் செம்பும். மெல்லிய பிளாஸ்டிக் பை, கப், தட்டு உள்ளிட்ட 14 வகைப் பொருள்களுக்குத் தமிழகத்தில் 2019 ஜனவரி 1 முதல் தடை இருக்கிறது. விருந்தினர் கொண்டுவரும் குப்பையை அவர்களே திரும்ப எடுத்துப்போக வேண்டும் என்று முன்பதிவின்போதே சொல்லிவிடுங்கள். கிராமத்தில் அதைக் கொட்ட இடமில்லை.

கழிப்பறைக்கு இரட்டைக் குழி முறை மலிவு. ஒரு குழி நிரம்பியதும் அடுத்ததற்கு மாற்றிவிட்டு, முதல் குழியை இரண்டு வருடம் மூடி வைத்தால் மண்போன்ற உரமாகிவிடும். கிணற்றிலிருந்தும் போர்வெல்லிலிருந்தும் குறைந்தது 30 அடி தள்ளி இருக்க வேண்டும். இங்கே அடியில் பாறை. வெடிப்பு வழியே கழிவுநீர் தூரம் போய்விடும். அதனால் எவ்வளவு தள்ள முடியுமோ அவ்வளவு தள்ளுங்கள். பாறை மேலாக இருக்கும் நிலத்தில் மலத்தையும் சிறுநீரையும் பிரிக்கும் கழிப்பறை நல்லது. திருச்சி மாவட்டம் முசிறியில் பத்மஸ்ரீ சுப்புராமனின் ஸ்கோப் நிறுவனம் அதைப் பரவலாகச் செய்து காட்டியிருக்கிறது.

யானை வரும் மாதங்கள்

தேன்கனிக்கோட்டையில் தங்கும் அறை நடத்துகிறவர் மறக்கக் கூடாத விருந்தாளி ஒருவர் உண்டு. அக்டோபர், நவம்பரில் ராகி கதிர் பிடிக்கும் நேரத்தில், பன்னேர்கட்டா காட்டிலிருந்து ஜவளகிரி, தளி வழியாக யானைக் கூட்டங்கள் வரும். சில மாதம் இந்தக் காடுகளில் சுற்றிவிட்டுத் திரும்பும். இந்தப் பக்கத்துக் காட்டை 2014-ல் காவிரி வடக்கு வன உயிரின சரணாலயமாக அறிவித்தார்கள். 504 சதுர கிலோமீட்டர். 2022-ல் காவிரி தெற்கு சரணாலயமும் சேர்ந்தது. இது நேற்று வந்த பாதை அல்ல.

இந்தப் பாதையில் விளக்கும் சத்தமும் வேலியும் வந்தால் யானை திரும்பிப் போய்விடாது. பக்கத்து விவசாயியின் வயலுக்குள் போகும். உங்கள் விருந்தினரின் பாட்டுச் சத்தத்துக்கு அவர் ராகியை இழப்பார். ஆகவே காட்டை ஒட்டிய நிலத்தில் இரவு ஒலிபெருக்கி வேண்டாம். விளக்கு மஞ்சள் நிறத்தில், தரையைப் பார்த்து, மூடியோடு இருக்கட்டும். பத்து மணிக்கு மேல் அணைத்துவிடுங்கள். மின்செலவும் மிச்சம். வாழை, பலா, கரும்பைக் காட்டுப் பக்கம் வைக்காதீர்கள். சமையல் கழிவைத் திறந்த குழியில் கொட்டினால் முதலில் பன்றி வரும், பிறகு யானை வரும்.

இதில் தவறினால் என்ன ஆகும் என்பதற்கு இரண்டு நிகழ்வுகளே போதும். 2021 ஜனவரியில் மசினகுடியில் ஒரு தங்கும் விடுதிப் பக்கம் வந்த யானை மீது எரியும் பொருளை வீச, அது காயத்தில் இறந்தது. விடுதிக்குச் சீல் வைத்தார்கள். 2023 மார்ச்சில் நமக்குப் பக்கத்தில் மாரண்டஹள்ளி அருகே, சட்டவிரோத மின்வேலியில் சிக்கி மூன்று யானைகள் செத்தன. நீலகிரியில் யானை வழித்தடத்தை ஆக்கிரமித்த விடுதிகள் விஷயத்தில், வழித்தட அறிவிப்பு செல்லும் என்று 2020 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அங்கே முதல் போட்டவர்களின் கதி இங்கே நமக்கு வர வேண்டாம். அறை கட்டுமுன் வனச்சரக அலுவலகத்தில் யானைத் தடம் எது என்று கேட்டுக்கொள்வது செலவில்லாத காப்பீடு.

காடு பார்க்க ஆசைப்படும் விருந்தினரை நீங்களே இரவில் அழைத்துப் போகாதீர்கள். வனத்துறை அனுமதிக்கும் அய்யூர் சூழல் பூங்காவுக்குப் பகலில் அனுப்புங்கள்.

வாசகர்கள் அடிக்கடி கேட்பவை

*இலவச விவசாய மின் இணைப்பில் ஓடும் மோட்டாரிலிருந்து விருந்தினர் வீட்டுத் தொட்டியை நிரப்பலாமா?*

கூடாது. அந்த இணைப்பு பாசனத்துக்கு மட்டும். மாட்டினால் அபராதத்தோடு இணைப்பும் போகலாம். வீட்டுக்குத் தனி இணைப்பு வேண்டும். வாடகைக்கு விடும்போது எந்தக் கட்டணப் பிரிவு என்பதை மின்வாரியப் பிரிவு அலுவலகத்தில் எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

*எத்தனை அறை வரை கட்டலாம்?*

மத்திய சுற்றுலாத் துறையின் படுக்கை-காலை உணவு, ஹோம்ஸ்டே திட்டத்தில் ஒன்று முதல் ஆறு அறை வரை, அதிகம் 12 படுக்கை. வீட்டுக்காரக் குடும்பம் அங்கேயே குடியிருக்க வேண்டும். சிறு விவசாயிக்கு இரண்டு அறைக்கு மேல் வேண்டாம் என்பது நம் கருத்து. மூன்றாவது அறைக்கு வேலைக்கு ஆள் வைக்க வேண்டிவரும்.

*வெளிநாட்டுக்காரர் வந்தால்?*

வந்த 24 மணி நேரத்துக்குள் அதற்கான படிவத்தை வெளிநாட்டவர் பதிவு அலுவலகத்துக்கு இணையவழி அனுப்ப வேண்டும். உள்நாட்டவராக இருந்தாலும் அடையாள அட்டை நகலும் பதிவேடும் கட்டாயம் வைத்திருங்கள்.

*யானைக்கு சோலார் வேலி போடலாமா?*

2023-ல் தமிழக அரசு மின்வேலிகளுக்கெனத் தனி விதிகள் கொண்டுவந்தது. காப்புக்காட்டை ஒட்டிய பகுதிகளில் மாவட்ட வன அலுவலரின் அனுமதி பெற்றே போட வேண்டும். வீட்டு மின்சாரத்தை நேரடியாகக் கம்பியில் விடுவது யானையையும் கொல்லும், மனிதரையும் கொல்லும், சிறைக்கும் அனுப்பும்.

*எதிலிருந்து தொடங்குவது?*

இந்த மழைக்கு முன் கூரைத் தண்ணீருக்குத் தகரப் பீலியும் தொட்டியும். அடுத்து கழிப்பறை. அடுத்து இருக்கிற வீட்டில் ஒரு அறையை ஒழுங்குபண்ணி, ஒரு வருடம் விட்டுப் பாருங்கள். எட்டு இரவுக்குப் பதில் மூன்று இரவுதான் ஆள் வந்தது என்றாலும் நஷ்டமில்லை. தொட்டியும் கழிப்பறையும் பாய்லரும் உங்கள் குடும்பத்துக்கே பயன்படும். கடன் வாங்கிக் கட்டிய காட்டேஜுக்கு அந்த வசதி கிடையாது.